அடுப்படியில் கணக்கு, முற்றத்தில் அறிவியல்

(தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் வீட்டிலேயே சொல்லித் தரக்கூடிய பாடங்கள்)



போன வருடம் எங்கள் குழுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி இந்த மாதப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். நான் எங்கள் குழுவின் ஊக்குநர். குழுவில் 14 பேர். மாதச் சேமிப்பு ஆளுக்கு 100 ரூபாய். பேரேடு, பாஸ் புத்தகம் எல்லாம் எழுதுவது நான்தான்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் உறுப்பினர் ஒருவருடைய மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, கையில் பாஸ் புத்தகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது. "பெரியம்மா, எங்கம்மா 18 மாசம் பணம் கட்டியிருக்காங்க. 18 நூறு 1,800 தானே? இதுல 1,700-னு போட்டிருக்கு" என்றது.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கும், போம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பதினோராவது மாதம் 1,100 என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது மாதம் 100 ரூபாய் வரவு வைத்துவிட்டு, மொத்தம் என்ற இடத்தில் மறுபடியும் 1,100 என்றே எழுதியிருக்கிறேன். அந்தத் தப்பு அப்படியே கீழே வரை வந்துவிட்டது. சேமிப்புப் பேரேட்டை எடுத்துப் பார்த்தால் அதில் 1,800 சரியாக இருக்கிறது. பாஸ் புத்தகத்தில்தான் தப்பு. தப்பு என்னுடையது. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லித் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். மற்ற 13 பாஸ் புத்தகங்களையும் அன்றைக்கே சரிபார்த்தோம்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் அம்மா கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாராம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ் புத்தகத்தில் ஒரு வரிக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்திருக்கிறாள். 18 கொட்டை வந்தது. அவ்வளவுதான்.

அவள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நான் ஒண்ணும் சொல்லித் தரலையேக்கா. வேலை செய்யும்போது, பத்துப் பத்தா கொட்டையை எண்ணி வைடின்னு சொல்லுவேன், அம்புட்டுத்தான்" என்றார்.

சகோதரிகளே, அந்த "அம்புட்டுத்தான்" என்பதுதான் கணக்குப் பாடம். சொல்லித் தருகிறோம் என்று தெரியாமலே அவர் சொல்லித் தந்திருக்கிறார். தெரிந்தே செய்தால் இன்னும் எவ்வளவு செய்யலாம்?

நாம் ஏன் இதைச் செய்ய வேண்டும்?

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கும் மேல் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். படித்ததும் மறந்து போனது. அதை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" வந்தது. நம் குழுப் பெண்கள் பலர் அதில் தன்னார்வலர்களாக மாலை நேரத்தில் பாடம் நடத்தினார்கள். அடுத்து 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் "எண்ணும் எழுத்தும்" வந்தது. பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால் 2007-08 வாக்கில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் "செயல்வழிக் கற்றல்" வந்தது பலருக்கு நினைவிருக்கும். இவை எல்லாமே சொல்கிற விஷயம் ஒன்றுதான். சின்னப் பிள்ளை கையால் தொட்டு, எண்ணி, ஊற்றி, அளந்து பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

தொட்டுப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் நம் வீட்டில் இருக்கிற அளவுக்குப் பொருள் வேறு எங்கே இருக்கிறது? படி, ஆழாக்கு, இட்லித் தட்டு, கோலப்பொடி, மஞ்சள், உப்பு, பச்சைப்பயறு எல்லாம் இருக்கிறது. பைசா செலவில்லை. தினம் அரை மணி நேரம் போதும். அதுவும் தனியாக ஒதுக்க வேண்டாம், வேலை செய்துகொண்டே பேசலாம்.

தொடங்கும் முன் மூன்று விஷயம்

1. விடையை நாம் சொல்லக் கூடாது. "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று முதலில் கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும். பிறகு செய்து பார்க்கட்டும்.

2. தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். "உனக்கு மண்டையில களிமண்ணா?" என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் கணக்கு என்றால் பயப்படும். "எப்படி இந்த விடை வந்துச்சு?" என்று கேளுங்கள். எங்கே தப்பியது என்று அதுவே கண்டுபிடிக்கும்.

3. நமக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "எனக்கும் தெரியலை. டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லித் தா" என்று சொல்லுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் எந்தப் பிள்ளையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு வரும்.

பகுதி 1: கணக்கு

ஈர்க்குச்சிக் கட்டு (1, 2, 3-ஆம் வகுப்பு)

தேவையானவை: விளக்குமாற்றுக்குச் சீவிய ஈர்க்குச்சி, ரப்பர் பேண்ட் அல்லது நூல்.

ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்டு, அது நூறு. உதிரிக் குச்சிதான் ஒன்று. இப்போது "34 எடு" என்று சொல்லுங்கள். 3 கட்டு, 4 உதிரி எடுக்க வேண்டும். "40 எடு" என்றால் 4 கட்டு, உதிரி எதுவும் இல்லை. அந்த "எதுவும் இல்லை" என்பதைத்தான் பூஜ்யம் போட்டு எழுதுகிறோம்.

பல பிள்ளைகள் "இருநூற்று ஐந்து" என்று சொன்னால் 2005 என்று எழுதிவிடும். காதில் "இருநூறு" விழுகிறது, 200 என்று எழுதி அதன் பக்கத்தில் 5-ஐ வைத்துவிடுகிறது. அதன் மேல் தப்பில்லை. குச்சியை எடுத்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 2 பெரிய கட்டு, சின்னக் கட்டு இல்லை, 5 உதிரி. 2, 0, 5. தானே திருத்திக்கொள்ளும்.

கடன் வாங்கிக் கழித்தல்

பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். கடன் வாங்குவது நமக்குத் தெரியாததா? 32-இல் 17 போக என்ன என்று பார்ப்போம்.

3 கட்டும் 2 உதிரியும் வையுங்கள். 17 எடுக்க வேண்டும். முதலில் 7 உதிரி வேண்டும். இருப்பதோ 2. என்ன செய்வது? ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். 10 உதிரி வந்து சேர, இப்போது 12 உதிரி. அதில் 7 எடுத்தால் மீதி 5. கட்டு 3 இருந்தது 2 ஆகிவிட்டது. அதில் ஒன்றை எடுத்தால் மீதி 1. ஆக 1 கட்டு, 5 உதிரி. விடை 15.

"பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கினேன், அது இங்கே வந்ததும் பத்தாகிவிட்டது" என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும். ஏன் பத்தானது என்று கேட்டால் தெரியாது. கட்டைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு அது தெரியும்.

இட்லித் தட்டு (2, 3, 4-ஆம் வகுப்பு)

ஒரு தட்டில் 4 குழி, மூன்று தட்டு. "ஒரு ஈடுக்கு எத்தனை இட்லி?" 4, 8, 12 என்று எண்ணட்டும். அதுதான் 4 பெருக்கல் 3. "இரண்டு ஈடு ஊத்தினா?" 24.

பிறகு வகுத்தல். "12 இட்லி, நாம 5 பேர். ஆளுக்கு எத்தனை?" ஆளுக்கு 2 வைத்தால் 10. மீதி 2. "இந்த மீதி ரெண்டை என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்று சொல்லும். "அம்மா, நீதான் எப்பவும் கடைசில சாப்பிடுற. உனக்கு வை" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், கணக்கோடு சேர்த்து இன்னொரு பாடமும் படித்துவிட்டது என்று அர்த்தம்.

படி, ஆழாக்கு: பின்னம் (3, 4, 5-ஆம் வகுப்பு)

"அரை பெருசா, கால் பெருசா?" என்று வாயால் கேட்டால் பிள்ளை சரியாகச் சொல்லும். தாளில் 1/2, 1/4 என்று எழுதி எது பெரியது என்று கேட்டால், "4 தான் பெருசு, அதனால 1/4" என்று சொல்லும். அனேகப் பிள்ளைகள் செய்கிற தப்பு இது.

ஒரு படியும் ஓர் ஆழாக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை ஆழாக்கால் அளந்து படியில் போடச் சொல்லுங்கள். எத்தனை ஆழாக்கில் படி நிறைகிறது? எட்டு. நம் பழைய அளவில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. அப்படியானால்:

உரி என்பது அரைப்படி, அதாவது 1/2.
உழக்கு என்பது கால்படி, அதாவது 1/4.
ஆழாக்கு என்பது அரைக்கால் படி, அதாவது 1/8.

அரைக்கால் என்ற வார்த்தையைப் பாருங்கள். அரை, கால். காலில் பாதி. நம் பாட்டிமார் வாயிலேயே பின்னக் கணக்கு இருந்திருக்கிறது. கீழே உள்ள எண் பெரிதாகப் பெரிதாக, பங்கு போடுகிற ஆள் அதிகம் என்று அர்த்தம். ஆள் அதிகமானால் பங்கு சின்னதாகும். தோசையை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிய்த்துக் காட்டினாலும் இது புரியும்.

உங்கள் வீட்டில் படி இல்லையா? கவலை வேண்டாம். ஒரு செம்பும் ஒரு சின்ன டம்ளரும் போதும். எத்தனை டம்ளரில் செம்பு நிறைகிறது என்று அளக்கட்டும். 6 என்றால் ஒரு டம்ளர் 1/6 செம்பு.

கோலம் (எல்லா வகுப்புக்கும்)

நடுவில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று குறைத்து வைக்கிற கோலம் நமக்குத் தெரியும். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். 1 + 3 + 5 + 7 + 5 + 3 + 1 = 25. இப்போது 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி என்று சதுரமாக வைக்கச் சொல்லுங்கள். அதுவும் 25. "எப்படி ரெண்டும் ஒண்ணா வருது?" என்று கேட்டால் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும்.

ஊடுபுள்ளிக் கோலத்தில் நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4. இதில் 37 புள்ளி. வைக்கும் முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்லட்டும், பிறகு எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. கோலத்தின் ஒரு பாதியை மட்டும் நீங்கள் போடுங்கள். மறுபாதியைப் பிள்ளை போடட்டும். பாடப் புத்தகத்தில் சமச்சீர் என்று வருவது இதுதான். பையன்களையும் போடச் சொல்லுங்கள். கோலம் போட்டால் பையனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முழக்கயிறு (2 முதல் 5-ஆம் வகுப்பு)

வாசல் நிலையின் அகலத்தை நீங்கள் சாணால் அளந்து பாருங்கள். பிள்ளையும் அளக்கட்டும். உங்களுக்கு 5 சாண் வந்தால் பிள்ளைக்கு 7 சாண் வரும். "யார் அளந்தது சரி?" இரண்டுமே சரிதான், ஆனால் கை வேறு. பூ வாங்கும்போது, கை நீளமான பூக்காரம்மா அளந்தால் நமக்குச் சந்தோஷம், கை சின்னதாக இருந்தால் சண்டை. ஊருக்கெல்லாம் ஒரே அளவு வேண்டும் என்றுதான் மீட்டர், சென்டிமீட்டர் வந்தது. தையல் டேப்பை எடுத்து அதே வாசலை மறுபடி அளக்கட்டும். இப்போது யார் அளந்தாலும் ஒரே அளவு.

கடைக் கணக்கு

38 ரூபாய்க்குச் சாமான், 50 ரூபாய் கொடுத்தால் மீதி என்ன? தாளில் கழிக்க வேண்டாம். 38-லிருந்து 40-க்கு 2, 40-லிருந்து 50-க்கு 10. ஆக 12. கடைக்காரர்கள் மனதிலேயே இப்படித்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் முன் "எவ்வளவு மீதி வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டு அனுப்புங்கள்.

பல்லாங்குழி வீட்டில் இருந்தால் அதையும் எடுங்கள். 14 குழி, குழிக்கு 5 முத்து என்றால் மொத்தம் எத்தனை? 70. குழிக்கு 6 என்றால் 84. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே பார்க்கிற பிள்ளைக்கு மனக்கணக்கு நன்றாக வரும்.

பகுதி 2: அறிவியல்

முட்டையும் விதை நெல்லும்

தேவையானவை: ஒரு புது முட்டை, பாத்திரத்தில் தண்ணீர், உப்பு.

முட்டையைத் தண்ணீரில் போடும் முன் "மிதக்குமா, முங்குமா?" என்று கேளுங்கள். புது முட்டை முங்கும். இப்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து மிதக்கும்.

ஏன்? உப்புக் கரைந்த தண்ணீர், அதே அளவு நல்ல தண்ணீரைவிடக் கனம். ஒரு முட்டை அளவு நல்ல தண்ணீரைவிட முட்டை கனமாக இருந்ததால் முங்கியது. உப்புத் தண்ணீர் அதைவிடக் கனமானதும் முட்டை மிதக்கிறது.

விவசாய வேலை செய்கிற நமக்கு இது புதிதில்லை. விதை நெல் தேர்வு செய்ய இதே உப்புத் தண்ணீரைத்தான் வேளாண்மைத் துறையினர் சொல்லித் தருகிறார்கள். முட்டை மிதந்து, அதன் மேல்பக்கம் ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிந்தால் தண்ணீர் தயார். முட்டையை எடுத்துவிட்டு அதில் விதை நெல்லைப் போட்டால் பதரும் அரைகுறை நெல்லும் மிதக்கும். அரித்து எடுத்துவிடலாம். முங்கியதுதான் நல்ல விதை. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். பாடப் புத்தகமும் வயலும் வேறு வேறு இல்லை என்று அதற்குத் தெரியட்டும்.

முட்டையை வீணாக்க வேண்டாம். கழுவி அவித்துப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது?

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றிலும் நாம் செய்வதுதான். இதற்குள் ஒரு வேதியியல் பாடம் இருக்கிறது.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். அதைத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் புளித்தண்ணீர், ஒன்றில் ஆப்பசோடாத் தண்ணீர் என்று ஒவ்வொரு சொட்டு விடட்டும். சோப்பும் ஆப்பசோடாவும் பட்ட இடம் சிவக்கும். எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மஞ்சளாகவே இருக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும்.

புளிப்பாக இருப்பவை அமிலம். சோப்பு, சுண்ணாம்பு, ஆப்பசோடா போன்றவை காரம். (மிளகாய்க் காரம் இல்லை, இது வேறு காரம்.) மஞ்சள், காரத்தைக் கண்டால் சிவக்கும். சட்டையில் குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதனால்தான்.

எச்சரிக்கை: சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சுண்ணாம்பு வைத்துக் காட்டுவதாக இருந்தால் நீங்களே செய்யுங்கள். சோதனைக்கு எடுத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது.

முளைப்பாரி

கோயிலுக்கு முளைப்பாரி போடுகிறோம். இருட்டறையில் வைத்து வளர்க்கிறோம். எல்லாம் வெளிறிய மஞ்சளாக, நெட்டையாக வளரும். ஏன் பச்சையாக இல்லை என்று யோசித்திருக்கிறோமா?

இரண்டு கொட்டாங்குச்சியில் மண் போட்டு, ஒவ்வொன்றிலும் 10 பச்சைப்பயறு விதைக்கச் சொல்லுங்கள். ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள். இன்னொன்றைப் பானையால் மூடி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். ஒரு வாரம் தினமும் ஈர்க்குச்சியால் உயரத்தை அளந்து, நோட்டில் எழுதட்டும்.

இருட்டில் இருப்பது அதிக உயரம் போயிருக்கும். ஆனால் வெளிறி, மெலிந்து, சாய்ந்து கிடக்கும். வெளிச்சத்தில் இருப்பது குட்டையாக, பச்சையாக, உறுதியாக இருக்கும். விதைக்குள் இருக்கும் சாப்பாட்டை வைத்து இரண்டுமே முளைத்துவிடும். ஆனால் பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும். பச்சையம் இருந்தால்தான் செடி தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். இருட்டில் இருப்பது வெளிச்சத்தைத் தேடித்தான் அவ்வளவு உயரம் போகிறது.

10 விதையில் எத்தனை முளைத்தது என்றும் எண்ணட்டும். 8 முளைத்தால் நூற்றுக்கு 80. விதைப் பையில் முளைப்புத்திறன் என்று போட்டிருப்பது இந்தக் கணக்குத்தான்.

முற்றத்துக் கம்பு

முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, காலை முதல் சாயங்காலம் வரை மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் செய்யலாம். காலையில் நிழல் மேற்கே நீளமாக இருக்கும். குறைந்துகொண்டே வந்து, மதியம் 12 மணிக்குச் சற்றுப் பிறகு மிகவும் குட்டையாகும். பிறகு கிழக்கே நீளும். மறுநாள் கடிகாரம் பார்க்காமலே கல்லை வைத்து மணி சொல்லலாம்.

நம் ஊரில் வருடத்தில் இரண்டு நாள் மட்டும் நடுப்பகலில் அந்தக் கம்புக்கு நிழலே விழாது. அதை நிழலில்லா நாள் என்பார்கள். சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும் நாள் அது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தேதி மாறும். ஏறத்தாழ ஏப்ரல் 10 முதல் 25-க்குள் ஒரு நாள், ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 2-க்குள் ஒரு நாள். அந்த நாட்களில் கம்பைக் கவனித்தால் உங்கள் ஊர்த் தேதியைப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

ஈரத் துணி, மண்பானை

ஒரே மாதிரி இரண்டு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஒன்றை விரித்தும் ஒன்றைச் சுருட்டியும் வையுங்கள். எது முதலில் காயும்? விரித்ததுதான். காற்றுப் படுகிற பரப்பு அதிகம். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானையில் கசிகிற தண்ணீரும் இப்படித்தான் ஆவியாகிப் பானையைக் குளிர வைக்கிறது. குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். ஆவி மறுபடி தண்ணீர்த் துளியாகியிருக்கும். மழையின் கதையும் இதுதான்.

கவனிக்க வேண்டியவை

பிள்ளைக்குச் சொல்லித் தருகிறேன் என்று வீட்டு வேலை முழுவதையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. அந்தப் புளியங்கொட்டைப் பிள்ளை, புளி தட்ட உட்காரவில்லை. பாஸ் புத்தகம் பார்க்கத்தான் உட்கார்ந்தாள். இந்த வித்தியாசம் முக்கியம்.

பையன் நோட்டோடு உட்கார்ந்திருக்க, பொண்ணு பாத்திரம் தேய்க்கிற வீடு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனைகளில் இருவரும் சேர்ந்து இருக்கட்டும். பையனும் அடுப்படிக்கு வரட்டும்.

பள்ளியில் டீச்சர் வேறு முறையில் சொல்லித் தந்திருந்தால் "அது தப்பு" என்று சொல்ல வேண்டாம். இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

அடுத்த கூட்டத்தில் கடன், சேமிப்பு முடிந்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

1. இந்த மாதம் எந்தச் செயலைச் செய்தீர்கள்? பிள்ளை என்ன கேட்டது?
2. ஒவ்வொரு உறுப்பினரும் தன் பாஸ் புத்தகத்தைத் தன் பிள்ளையை விட்டுக் கூட்டிப் பார்த்தாரா?
3. நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர் யார் இருக்கிறார்?

மூன்றாவது கேள்வி எதற்கு என்றால், 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 20 பேர் கொண்ட குழு என்றால் பெற்றோர் குறைந்தது எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? இதையும் பிள்ளையிடமே கேளுங்கள். (விடை: 15, 10.)

கடைசியாக ஒரு சேதி. பாஸ் புத்தகத்தில் தப்பைத் திருத்திய பிறகு, அந்தப் பிள்ளையின் அம்மா இப்போது மாதாமாதம் புத்தகத்தை வாங்கியதும் பெட்டியில் வைப்பதில்லை. அங்கேயே திறந்து, கடைசி வரியில் விரலை வைத்து, "அக்கா, இது எவ்வளவுன்னு படிங்க" என்கிறார். நான் படிக்கிறேன். பிறகு அவரே விரலை மடக்கி ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறார். போன கூட்டத்தில் நான் படிக்கும் முன்னாலேயே தொகையைச் சொல்லிவிட்டார். சரியாக இருந்தது.